கரடி அம்மாவுக்கு ஓர் இலை

சின்னப் பிள்ளைகளுக்கு எண் சொல்லித்தரும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமை, கொஞ்சம் சிரிப்பு. பொறாமை ஏனென்றால், உங்களுக்கு முழங்கால் இன்னும் நன்றாக மடங்குகிறது. நம் தொழிலில் மூளைக்கு முன்னால் தேய்வது முழங்கால்தான். சிரிப்பு ஏனென்றால், பயிற்சியில் கொடுத்த வண்ண அட்டைகளைப் பத்திரமாக பீரோவில் பூட்டி வைத்திருக்கிறீர்கள். வெளியே எடுங்கள். பாதி நனையும், மீதியை யாராவது கடித்து வைப்பார்கள். அதற்குப் பிறகுதான் வகுப்பு நடக்க ஆரம்பிக்கும்.

எண் எப்படிச் சொல்லித்தருவது என்று நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதற்குப் புத்தகங்கள் இருக்கின்றன. யாழினி என்ற ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, முதலியார்பேட்டையில் ஓர் அரசுப் பள்ளியின் யு.கே.ஜி. வகுப்பில் என்னிடம் இருந்தாள். எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடை, எதற்கெடுத்தாலும் ஒரு ‘ஏன்?’. அவளால் நான் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

என் வகுப்பின் ஒரு மூலையில் கரடி வீடு இருந்தது. ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி, வாசல் வைத்து, உள்ளே ஒரு பாயைப் போட்டிருந்தோம். கரடி, ஒரு சொல்தா வீட்டிலிருந்து வந்தது. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற குடும்பங்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். லீவுக்கு வந்த பேத்தி பாரிசுக்குத் திரும்பும்போது பெட்டியில் இடமில்லாமல் விட்டுப்போன கரடி அது. மற்ற பொம்மைகளெல்லாம் சண்டே மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கியவை. ஆமைக்கு ஒரு கண் இல்லை. அது ஒரு பக்கம் தூங்குகிறது என்று பிள்ளைகள் முடிவு செய்துவிட்டார்கள், நானும் ஒப்புக்கொண்டேன்.

இதெல்லாம் ஒரு படக்கதைக்காக. கொட்டுகிற மழையில் குரங்கு, முயல், அணில், ஆமை என்று ஒவ்வொன்றாக வந்து கரடி வீட்டுக் கதவைத் தட்டும். கரடி அம்மா கதவைத் திறந்து, தலை துவட்டத் துண்டு கொடுத்து, சுடச்சுட இட்லி ஊற்றி வைக்கும். கடைசியில் கரடிக்குட்டியையும் சேர்த்து ஆறு பேரும் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். அவ்வளவுதான் கதை. அதை வாசித்து முடித்ததும் விளையாடுவோம். ஆளுக்கு ஓர் இலை, பச்சை சார்ட்டில் வெட்டியது. இலைக்கு இரண்டு இட்லி. தண்ணீர் பாட்டிலின் வெள்ளை மூடிதான் இட்லி. ஒரு பிள்ளை ஒவ்வொரு பொம்மையாகப் பார்த்துப் பார்த்து இலை போடும்போது அதன் தலைக்குள் என்ன ஓடுகிறதோ, அதுதான் கணக்கு. ஒன்றிலிருந்து நூறு வரை மூச்சுவிடாமல் ஒப்பிப்பது நல்ல பாட்டு. அதற்கும் கைதட்டுங்கள், ஆனால் கணக்கு என்று நினைத்து ஏமாறாதீர்கள்.

பெற்றோர்கள் வந்து வகுப்பைப் பார்க்கும் நாள் ஒன்று வந்தது. அன்றைக்குப் பந்தி போடும் முறை யாழினியுடையது. அவள் அப்பா தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டுகிறவர். ஒரு மணி நேரம் பர்மிஷன் போட்டுவிட்டு, நகக்கண்ணில் கிரீஸோடு வந்து சுவரோரம் நின்றிருந்தார். அம்மாவுக்கு சேதராப்பட்டில் ஒரு சோப்பு கம்பெனியில் பேக்கிங் வேலை, அன்று ஷிஃப்ட் மாற்ற முடியவில்லை.

யாழினி பொம்மைகளை வரிசையாக உட்கார வைத்தாள். கரடியைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள். இலை போட்டாள். ஐந்து இலை. “எல்லாருக்கும் போட்டாச்சா கண்ணு?” என்று கேட்டேன். “போட்டாச்சு மிஸ்” என்றாள் கம்பீரமாக. உடனே பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து, “தப்பு! தப்பு! ஆறு பேரு!” என்று கூரை பறக்கக் கத்தின. யாழினி இலைகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். என்ன தப்பு என்று அவளுக்குப் புரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. நான் பேச்சை மாற்றி வேறு பிள்ளையைக் கூப்பிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் அவள் அப்பா என்னிடம் வந்தார். யாழினி அவர் விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், எங்க பட்டறையில அளவு ஒரு நூல் கூடினாலும் பீஸ் ரிஜெக்ட்டு. கணக்குலதான் என் சோறே ஓடுது. எம்பொண்ணு ஆறு பேருக்கு அஞ்சு இலை போடுறா. பொம்மையும் மூடியும் வச்சிக்கினு வெளையாடினா வேற எப்பிடி வரும்? மக்காத்தான் போவும்.”

“அப்படிச் சொல்லாதீங்க, அவ நல்லா எண்ணுவா.”

“நான்தான் கண்ணால பாத்தனே. எங்க தெரு கோடியில ஒரு ஸ்கூலு இருக்கு, தெனம் நூறு வரைக்கும் எழுத வக்கிறாங்களாம். டி.சி. குடுத்துடுங்க, அங்க சேத்துக்கிறேன்.”

மக்கு என்ற வார்த்தை வந்தபோது யாழினி அவர் விரலை விட்டுவிட்டாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த மனிதரைப் பெஞ்சு மேல் ஏற்றி நிற்க வைத்திருப்பேன். ஆனால் அவர் குரலில் இருந்தது திமிர் இல்லை, பயம். தன் பெண்ணுக்கு எண் வராமல் போய்விடுமோ என்று நடுங்குகிற அப்பாவை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அவர்கள் எல்லோரும் இப்படித்தான் சத்தமாகப் பேசுவார்கள்.

“அடுத்த வெள்ளிக்கிழமை நீங்களும் யாழினி அம்மாவும் சேர்ந்து வாங்க. திரும்பவும் அவ பந்தி போடட்டும். அப்பவும் உங்களுக்குத் திருப்தி இல்லன்னா நானே ஆபீஸ்ல சொல்லி டி.சி. வாங்கித் தரேன்” என்றேன்.

அவர் யோசித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அவர் கேட்டைத் தாண்டிய பிறகுதான் யோசித்தேன். எதை நம்பி வாக்குக் கொடுத்தேன்? அவள் ஏன் ஐந்து போட்டாள் என்றே எனக்குத் தெரியாது. மூடிகளைக் கொட்டி எண்ணச் சொன்னால் பன்னிரண்டு, பதின்மூன்று வரை தட்டாமல் எண்ணுகிற பிள்ளை அவள்.

அதற்கப்புறம் வந்த நாட்களில் நிலைமை மோசமானது. வீட்டில் அப்பா வேலை விட்டு வந்ததும் சிலேட்டோடு உட்கார வைத்தார். விளைவு, எண் என்ற பேச்சை எடுத்தாலே யாழினி உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். கரடி வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ‘ஏன்?’ கூட நின்றுபோனது. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை. டி.சி. வாங்கிப் போனால் போகிறாள், வேறு பள்ளியிலும் நல்ல டீச்சர் இருப்பாள் என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் தான் மக்கு என்று நம்பிக்கொண்டு ஐந்து வயதில் ஒரு பிள்ளை அந்த வாசலைத் தாண்டினால், பிறகு எந்த டீச்சராலும் அதைத் துடைத்து எடுப்பது லேசில்லை.

புதன்கிழமை மத்தியானம் பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரம். யாழினிக்குத் தூக்கம் வரவில்லை, விழித்துக்கொண்டு கிடந்தாள். நான் ஒரு கட்டு கர்ச்சீப்பை அவளிடம் கொடுத்து, “கரடி வீட்டுலயும் எல்லாரும் தூங்கணுமாம், போத்திவிடறியா?” என்றேன். எண் என்ற வார்த்தையையே நான் எடுக்கவில்லை. அவள் எழுந்து போனாள். குரங்கு, முயல், அணில், ஆமை, குட்டி என்று போர்த்தினாள். கடைசியில் கரடி அம்மாவுக்கும் ஒரு கர்ச்சீப்பை இழுத்துக் கழுத்து வரை மூடினாள். ஆறு.

தூங்குவதற்கு ஆறு பேர், சாப்பிடுவதற்கு ஐந்து பேரா? எனக்குப் பிடரியில் யாரோ தட்டியதுபோல இருந்தது. மெதுவாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். முழங்கால் கடகடவென்றது.

“யாழினி, அன்னைக்குப் பந்தியில கரடி அம்மாவுக்கு மட்டும் இலை போடலியே, ஏன்டா கண்ணு?”

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இவ்வளவு வயதாகியும் இது தெரியாதா என்பதுபோல இருந்தது.

“அது அம்மா மிஸ். அது பரிமாறும்.”

“அப்போ அது சாப்பிடாதா?”

“சாப்புடும். எல்லாரும் சாப்டு முடிச்சப்பறம், அடுப்பாண்ட உக்காந்து சாப்புடும்.”

சொல்லிவிட்டு ஆமையின் போர்வையைச் சரிசெய்யப் போய்விட்டாள். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்து முடித்ததும் எழுந்தேன். போய் அந்தப் படக்கதையை எடுத்துக் சாப்பிடுகிற பக்கத்தைப் பார்த்தேன். பந்தி நடக்கிறது, கரடி அம்மா கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருக்கிறது. ஆறு பேரும் சாப்பிட்டார்கள் என்று எழுத்து சொல்கிறது. படம் வேறு சொல்கிறது. அதை எத்தனை தடவை வாசித்திருப்பேன். நானும் என் வீட்டில் கரண்டியோடு நின்றே பழகியவள், கண்ணில் படவே இல்லை.

ஆக, பிள்ளையின் எண்ணிக்கையில் குறையே இல்லை. உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள் ஐந்து பேர், இலையும் ஐந்து. ஒரு பிள்ளை தப்பாக எண்ணினால் ‘தப்பு’ என்று சொல்ல அவசரப்படாதீர்கள். யாரை விட்டுவிட்டாய், ஏன் விட்டாய் என்று கேளுங்கள். எனக்கு இத்தனை வருட சர்வீஸில் இதைவிடப் பயன்பட்ட கேள்வி வேறு இல்லை.

ஆனால் விஷயம் தெரிந்ததும்தான் உண்மையான தலைவலி வந்தது. எங்கள் தலைமையாசிரியை நல்ல மனுஷி, எதையும் நேராகப் பேசுகிறவர். நான் போய்ச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

“இவ்ளோதானே? அவ அப்பாவைக் கூப்பிட்டு உள்ளதைச் சொல்லிடுங்க. பிரச்சனை தீந்துது.”

“சொன்னா என்ன ஆகும்னு நெனைக்கிறீங்க மேடம்? ‘உங்க வீட்ல உங்க சம்சாரம் கடைசியில சாப்பிடுறாங்க, அதை வச்சுதான் பொண்ணு கணக்கு போட்டா’ன்னு ஒரு ஆம்பளைகிட்ட பள்ளிக்கூடத்துல வச்சு சொன்னா, அவரு அந்தக் கோவத்த எங்க போய்க் காட்டுவாரு?”

அவர் சிரிப்பை நிறுத்தினார். இருவருக்கும் புரிந்தது. ‘ஸ்கூல்ல போயி என்ன சொல்லி வச்ச?’ என்ற கேள்வி பிள்ளைக்கும் போகும், அம்மாவுக்கும் போகும். ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வருகிற அந்தப் பெண்ணுக்கு நான் இன்னொரு சண்டையை அனுப்பி வைக்கக் கூடாது.

“அப்போ ஆறு இலை போடச் சொல்லிப் பழக்கிடுங்க. வெள்ளிக்கிழமை தப்பிச்சுக்கலாம்.”

அது இன்னும் சுலபம். அரை மணி நேர வேலை. ஆனால் அப்படிச் செய்தால், தன் கண்ணால் பார்த்ததை நம்பாதே, டீச்சர் சொல்கிற எண்ணைச் சொல் என்று அவளுக்குக் கற்றுக்கொடுத்த மாதிரி ஆகும். எனக்கு மனம் வரவில்லை. கதையை மாற்றுவது என்று முடிவு செய்தேன். பிள்ளையை மாற்ற வேண்டாம், வீட்டைப் பற்றிப் பேச வேண்டாம், கதை நம் கையில்தானே இருக்கிறது. கரடி அம்மாவுக்குக் கால் வலி, அதுவும் உட்காருகிறது, இன்றைக்கு மிஸ் பரிமாறுகிறேன் என்று சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். அதற்கு மேல் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை.

வெள்ளிக்கிழமை இருவரும் வந்தார்கள். யாழினியின் அம்மா ஒல்லியாக, கம்பெனி சட்டையைப் புடவைக்கு மேல் போட்டபடியே வந்திருந்தார். பக்கத்தில் நின்றால் எலுமிச்சை சோப்பு வாசனை. தலைமையாசிரியையும் ஏதோ வேலை இருப்பதுபோல வந்து கதவோரம் நின்றார்.

நான் கதையை மழையிலிருந்து ஆரம்பித்தேன். நடுவில் கால் வலியைச் சேர்ப்பதற்குள் யாழினி முந்திக்கொண்டாள். அப்பாவைப் பார்த்த பதற்றமோ என்னவோ, மளமளவென்று பொம்மைகளை உட்கார வைத்தாள். கரடியைத் தள்ளி நிறுத்தி, கையில் ஒரு பொம்மைக் கரண்டியைச் செருகினாள். இலை போட்டாள். ஐந்து.

“பாத்தீங்களா டீச்சர்? அதே அஞ்சு” என்றார் அப்பா.

யாழினியின் கை இட்லி மூடிகளின் மேல் அப்படியே நின்றது. தலை கவிழ்ந்தது. பிள்ளைகள் கத்த வாயைத் திறந்தன, நான் விரலை உதட்டில் வைத்து அடக்கினேன். எனக்கு உள்ளே கொதித்தது. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று வாயைத் திறந்தேவிட்டேன். அப்போது அவள் அம்மாவைப் பார்த்தேன். அவர் கரண்டி செருகிய கரடியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. என் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையை ஆட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். அந்தத் தலையாட்டலுக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

“யாழினி, கதை இன்னும் முடியலியே” என்றேன். “வந்தவங்களுக்கெல்லாம் இட்லி ஊத்தி ஊத்திக் கரடி அம்மாவுக்குக் கால் வலிக்குதாம். அதுவும் உக்காரணும்னு சொல்லுது. என்ன பண்ணலாம்?”

அவள் நிமிர்ந்தாள். வெகுநேரம் கரடியைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல் தடவையாக வாய் திறந்து ஒரு கேள்வி கேட்டாள்.

“அப்போ யாரு பரிமாறுறது?”

நான் பரிமாறுகிறேன் என்று சொல்லத்தான் திட்டம். நல்ல வேளை, சொல்லவில்லை. “நீயே சொல்லு” என்றேன்.

கரடியின் கையிலிருந்து கரண்டியை உருவினாள். குரங்கைப் பார்த்தாள், அதற்குக் கொடுக்க மனமில்லை. என்னைப் பார்த்தாள். பிறகு நேராக நடந்து போய்ச் சுவரோரம் நின்ற அப்பாவிடம் கரண்டியை நீட்டினாள்.

“அப்பா, நீ போடு.”

“நானா?”

“ஆமா, உனக்குதான் கால் வலிக்கல இல்ல?”

வகுப்பு முழுக்க, “கரடி அப்பா! கரடி அப்பா!” என்று ஆட ஆரம்பித்துவிட்டது. கதவோரம் நின்ற தலைமையாசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்த மனிதர் என்ன செய்வார், வெட்கத்தில் சிவந்துபோய் வந்து பாயில் குந்தினார். யாழினி கரடி அம்மாவை வரிசையில் உட்கார வைத்து, யாரும் சொல்லாமலே ஆறாவது இலையை எடுத்து அதன் முன்னால் போட்டாள்.

“ரெண்டு ரெண்டா வையி. அணிலுக்கு மூணு வச்சிட்ட பாரு, ஒண்ணு எடு.”

நூல் கணக்குப் பார்க்கிற லேத்காரர் மறுபேச்சில்லாமல் ஒரு மூடியைத் திரும்ப எடுத்தார். முடிந்ததும் அவள் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். நான் கேட்கவே இல்லை. “...பத்து, பதனொண்ணு, பன்னெண்டு. எல்லாருக்கும் வந்துச்சு.”

“பன்னெண்டு” என்றார் அவரும், தன்னை அறியாமல். பிறகு கரடியைக் காட்டி, “இதுக்கு ஏன் அப்பவே போடல?” என்று கேட்டார்.

“அதான் பரிமாறினு இருந்துச்சே. பரிமாறுறவங்களுக்கு எப்பிடி இலை போடுவாங்க? இப்ப நீதான பரிமாறுற, உனக்குத்தான் இல்ல.”

அவர் கரண்டியைப் பார்த்தார். தன் முன்னால் இலை இல்லாத வெறும் பாயைப் பார்த்தார். அப்புறம் மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். சபையில் நான் சொல்லியிருந்தால் அவர் முறைத்திருப்பார். பெண் சொன்னதால் எழுந்து நின்று அவள் தலையில் கைவைத்து, “எம்பொண்ணு கரெக்டாதான் போட்டுருக்குது டீச்சர், எனக்குத்தான் எண்ணத் தெரியல” என்றார். டி.சி. பேச்சை அதற்கப்புறம் அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அவர்கள் வீட்டில் ஏதாவது மாறுமா என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாள் விளையாட்டில் குடும்பம் மாறிவிடும் என்று நம்புகிற அளவுக்கு நான் வெகுளி இல்லை. நீங்களும் எதிர்பார்க்காதீர்கள், நம் வேலை இலை போடுவதோடு முடிந்தது.

திங்கட்கிழமை காலை நான் செருப்பைக் கழற்றக்கூட இல்லை, யாழினி ஓடி வந்தாள்.

“மிஸ், நேத்து எங்க வீட்ல சங்கரா மீன் கொழம்பு. சட்டிய நடுவுல வச்சிட்டு எல்லாரும் ஒண்ணா உக்காந்தோம். அப்பாதான் பரிமாறுனாரு, பாயெல்லாம் கொட்டிட்டாரு!”

“அம்மா திட்டுச்சா?”

“இல்ல மிஸ். அம்மா மொதல்லயே மீன் தலைத்துண்ட எடுத்து அது தட்டுல வச்சிக்கிச்சு. அப்பா கேட்டாரு. குடுக்கவே இல்ல.”